நாற்பது மெகாஹெர்ட்ஸில் ஒரு ஜாதகம்

மாணிக்கம் என் கம்ப்யூட்டரின் மேல் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுவதுபோல முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை.

“சுடுதுண்ணே,” என்றார். “என் லோரி எஞ்சின் இப்படிச் சூடானா ரோட்டோரமா நிப்பாட்டிருவேன். நீங்க என்னன்னா இதுல ஜாதகம் எழுதுறீங்க.”

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் முன்கூடம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். மழைக்கு முன் வருகிற புழுக்கம். மேசை விசிறி மனிதர்கள் பக்கம் திரும்பாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே சுழன்றுகொண்டிருந்தது. வந்தவர்களுக்கு அதுவே முதல் மனத்தாங்கல்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போர்ட் கிள்ளானில் மூன்று லோரி வைத்து ஓட்டும் மாணிக்கம். மற்றவர் அவருடைய அக்காள் நாகம்மாள். நாகம்மாளின் மகன் சேகருக்கு என் மகள் கஸ்தூரியைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துவிட்டது. என் மனைவி பாக்கியத்துக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்துவிட்டது. அது அபூர்வம்.

நாகம்மாள் கேட்டது ஜாதகப் பொருத்தம் ஒன்றுதான். பையனின் பிறந்த தேதியையும் நேரத்தையும் அவரே டெலிபோனில் சொன்னார். நான் மெஷினில் போட்டேன். பத்துப் பொருத்தத்தில் எட்டு வந்தது. அத்துடன் விட்டிருக்கலாம். ராசிக் கட்டத்தையும் அச்சடித்துச் சேகரிடம் கொடுத்தனுப்பினேன். பையனுக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். தோஷம். என் மகளுக்கு அந்தத் தோஷம் கிடையாது. சேர்க்கக்கூடாத ஜாதகம்.

“யாரு உங்களைக் கட்டம் போடச் சொன்னது?” என்றாள் பாக்கியம். இதற்கு முன் வந்த நாலு சம்பந்தத்தை என் கணக்கு கெடுத்தது என்பது அவள் கட்சி. மூன்றுதான். நாலாவது தானாகப் போனது.

நாகம்மாள் கைப்பையிலிருந்து என் அச்சுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார், அதன் பக்கத்தில் ஒரு பழுப்புக் காகிதத்தையும் வைத்தார். சேகர் கேரி தீவில் பிறந்தபோது தோட்டத்துக் கோயில் பண்டாரம் எழுதிய ஜாதகம். கறையான் தின்றது போக மிஞ்சியது கட்டம் போட்ட ஒரே பக்கம். அதில் செவ்வாய் ஒன்பதாம் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

“பண்டாரம் ஒண்ணு சொல்றாரு, உங்க பெட்டி ஒண்ணு சொல்லுது,” என்றார் நாகம்மாள். “எது சரின்னு தெரியாம நான் தாலிக்குப் பொன்னுருக்க மாட்டேண்ணே. என் பிள்ளைக்கு இல்லாத தோஷத்தை ஒட்டிவச்ச வீட்டுல பொண்ணும் எடுக்க மாட்டேன்.”

“அதோட,” மாணிக்கம் விடவில்லை. “பழைய சிப்பை நீங்க முடுக்கி விட்டிருக்கீங்களாமே. சேகர்தான் பெருமையா சொன்னான். அறுபத்தாறுல ஓட வேண்டியதை எண்பதுல ஓட்டுறீங்களாம். அப்புறம் செவ்வாய் எங்கிட்டுண்ணே ஒழுங்கா நிக்கும்?”

கஸ்தூரி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, முப்பது முடிந்தவள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாணிக்கத்தின் கேள்வி நியாயமானது. என்னைத் தவிர வேறு யாராவது அந்த மெஷினை முடுக்கியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

பச்சைக் களிம்பு

அந்தச் சிப் 486 வகையைச் சேர்ந்தது. நான் ஓய்வுபெற்ற காலத்தில் அது ராஜா. நாலைந்து வருடத்தில் கடைக்காரர்கள் அதன் பெயரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த தலைமுறைச் சிப் வந்துவிட்டது.

எனக்கு அந்தப் புதியதன்மேல் நம்பிக்கையில்லை. வகுத்தல் கணக்கில் அது சில எண்களுக்குத் தப்பு விடை தருவதாக அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்திருந்தது. பிறகு மாற்றிக் கொடுத்தார்கள், சரி. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் வகுத்துப் பிழைத்தவனால் வகுக்கத் தெரியாத ஒன்றை வீட்டுக்குள் விட முடியுமா? என் பழைய சிப்புக்கு வகுக்கத் தெரியும்.

ஆனால் அது உட்கார்ந்திருந்த பலகை, அதாவது மதர்போர்டு, செத்துப் போனது. ஒருநாள் திரை கறுத்தது. மூடியைக் கழற்றினேன். மூலையில் ஒரு சின்ன பாட்டரி. அது கசிந்து, செப்புக் கோடுகளின் மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அதே பச்சை, அதே வாசனை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். ஏழு கோடுகள் அறுந்திருந்தன.

“புதுசு வாங்கிடுங்க,” என்றாள் பாக்கியம்.

“பலகைதான் போச்சு. மூளை நல்லா இருக்கு.”

“உங்களைச் சொல்றீங்களா, அதைச் சொல்றீங்களா?”

ஒன்பது கறுப்புச் சில்லுகள்

காலாவதியான சிப்புக்குப் பலகை தேடுவது லேசான காரியமில்லை. இம்பி பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருந்த கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி இறங்கினேன். பத்துக் கடைகள். ஒன்பதில் “நோ மோர் லா அங்கிள்.” பத்தாவதில் ஒரு பலகை கிடைத்தது.

பார்க்க அழகாக இருந்தது. ஓரத்தில் ஒன்பது கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு கேஷ் என்று பெயர். சிப் அடிக்கடி கேட்கும் எண்களைப் பக்கத்திலேயே வைத்திருந்து சட்டென்று எடுத்துக் கொடுக்கும். அடுப்புப் பக்கத்து அஞ்சறைப் பெட்டி மாதிரி.

நான் எண்ணியதோடு நிற்கவில்லை. கையோடு கொண்டுபோன என் டிஸ்கெட்டைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அதில் நானே எழுதிய சூரியோதயக் கணக்கு இருந்தது. ஓட்டச் சொன்னேன். கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். பிறகு கேஷை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். வேகம் குறைய வேண்டும். குறையவேயில்லை.

“பாஸ், இந்த ஒன்பதும் வெறும் பிளாஸ்டிக். உள்ளே ஒன்றுமில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கடைக்காரர் இளம் சீனர். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். “அங்கிள், யூ வெரி சுசா லா!” என்றார். சுசா என்றால் மலாயில் தொல்லை. பட்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் அப்படிப் பொய்ச் சில்லு ஒட்டிய பலகைகள் ஊரெங்கும் உலவின. விற்றவர்களுக்கே தெரியாது.

பிறகு அவரே மேசைக்கு அடியில் குனிந்து, செய்தித்தாள் சுற்றிய இன்னொரு பலகையை எடுத்தார். யாரோ கழற்றிப் போட்ட பழையது. ஒரு முனை சற்றுச் சிதைந்திருந்தது. ஆனால் கேஷை அணைத்ததும் வேகம் பாதிக்குமேல் விழுந்தது. உண்மையான சில்லுகள். பாட்டரியும் கசிகிற சாதியில்லை, காசு மாதிரி தட்டையானது. எட்டுத் திருகாணியும் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணியபோது ஏழுதான் இருந்தது. அந்த ஒன்று இன்றுவரை உறுத்துகிறது.

ஜம்பர்

அந்தப் பலகையில் எனக்குப் பிடித்தது அதன் நாடித்துடிப்பு. ஒவ்வொரு பலகையிலும் ஒரு துடிப்பு இருக்கும். என் சிப் அதை இரண்டு மடங்காக்கிக்கொண்டு ஓடும். பலகை முப்பத்து மூன்றில் துடித்தால் சிப் அறுபத்தாறில் ஓடும். செய்தவர்கள் அதற்கு விதித்தது அவ்வளவுதான்.

அந்தத் துடிப்பைத் தீர்மானிப்பது ஜம்பர். இரண்டு ஊசிகளின் மேல் தொப்பி போல் செருகும் அரிசியளவு பிளாஸ்டிக். அதைப் பிடுங்கிப் பக்கத்து ஊசியில் செருகினால் துடிப்பு நாற்பது, சிப் எண்பது. அதற்கும் பக்கத்தில் ஐம்பது. ஐம்பதையும் போட்டுப் பார்த்தேன். திரை விழிக்கவேயில்லை. சரி, ஆசைக்கும் ஓர் எல்லை என்று நாற்பதுக்குத் திரும்பினேன்.

எதற்கு இந்த வேகம் என்று கேட்கலாம். ஒரு ஜாதகத்துக்குத் தேவையில்லைதான். ஆனால் நான் கோலாலம்பூருக்கென்று நூறு வருடப் பஞ்சாங்கம் கணித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் உதயம், அஸ்தமனம், திதி, நட்சத்திரம். இந்தியப் பஞ்சாங்கத்தைத் தூக்கிவந்து இங்கே வைத்து நல்ல நேரம் பார்ப்பது எனக்கு ஆகாது. முடித்துவிட்டுத்தான் கண் மூடுவது என்று இருந்தேன். அறுபத்தாறில் ஓடினால் கண் முந்திக்கொள்ளும்போல் இருந்தது.

முடுக்கினால் தப்பு வராதா? வரும். எனக்கே வந்தது. நாற்பதில் ஓட்டிய முதல் வாரம், ஒரு பௌர்ணமி அடுத்த நாளுக்குத் தாவிவிட்டது. சிப்பின்மேல் தப்பில்லை. நினைவகம் அதன் வேகத்துக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துடிப்பு கூடுதலாகக் காத்திரு என்று அமைத்தேன். பெரிய அலுமினியத் துண்டு ஒன்றை வெள்ளைப் பசை தடவிச் சிப்பின் தலையில் உட்கார வைத்தேன். மேசை விசிறியைத் திருப்பினேன். பிறகு ஒரே கணக்கை மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

இது நான் கண்டுபிடித்த வழியில்லை. நில அளவை இலாகாவில் எங்கள் பிழைப்பே அதுதான். ஒரே நிலத்தின் கணக்கை இரண்டு பேர் இரண்டு அறையில் தனித்தனியாகப் போடுவோம். எட்டிப் பார்க்கக்கூடாது. என் எதிர் அறைக்காரர் பினாங்குக்காரர், மூக்குப்பொடிப் பிரியர். அவர் தும்மினால் ஒரு பக்கம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். முடித்ததும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பார். இருவர் விடையும் ஒன்றாக இருந்தும், நிலத்தின் எல்லைக்கோடு தொடங்கிய புள்ளிக்கு வந்து சேராவிட்டால், அதற்குமேல் கணக்கைக் குடைய மாட்டோம். தப்பு காட்டில் நடந்திருக்கிறது, சங்கிலி பிடித்து அளந்தவரிடம் போய்க் கேள் என்பார் எங்கள் மேலதிகாரி.

மாணிக்கத்தின் மூக்குக்கண்ணாடி

“சரி, மாணிக்கம்,” என்றேன். “உங்க முன்னாடியே குறைச்சிருவோம்.”

மெஷினை அணைத்து மூடியைக் கழற்றினேன். சூடான தூசி வாசனை வந்தது. மாணிக்கம் எட்டிப் பார்த்தார்.

“இதுதான் அந்த ஜம்பரா? இவ்வளவுண்டு! என் லோரியில இப்படி ஒண்ணு இருந்தா தெலுக் பங்லிமா காராங்குக்குக் கால் மணியில போயிருவேனே.”

“போயிருவே, அங்கேயே இருந்திருவே,” என்றார் நாகம்மாள்.

ஜம்பரை முப்பத்து மூன்றுக்கு மாற்றினேன். சேகரின் பிறந்த நேரம், காலை ஏழரை. அதையே மறுபடி போட்டேன். இந்தத் தடவை அச்சடிக்கவில்லை. எண்கள் திரையில் நின்றன.

“கஸ்தூரி, நீ திரையை வாசி. மாணிக்கம், நான் சேகர்கிட்ட கொடுத்தனுப்பின தாளு மேசையில இருக்குல்ல, அது எண்பதுல போட்டது. ஒத்துப் போவுதான்னு நீங்களே பாருங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் சொல்வதெழுதுதல் போடும் குரலில் ஆரம்பித்தாள். சூரியன், சந்திரன், செவ்வாய்; பாகை, கலை, விகலை.

“இருக்கு,” என்றார் மாணிக்கம். “இருக்கு. அடுத்தது சொல்லும்மா. இருக்கு.” குருவுக்கு வரும்போது அவர் குரலே மாறிவிட்டது. பாசாரில் மீன் எடை பார்ப்பவர்போல விரலை வரிக்கு வரி நகர்த்தினார். “சனி வக்கிரமா? வக்கிரம்தான், இருக்கு!”

கடைசியாக லக்னம். அதுவும் இருந்தது. ஒரு விகலைகூடப் பிசகவில்லை.

மாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார். “அக்கா, மெஷின் மேல குத்தம் சொல்ல முடியாது. மெதுவா ஓட்டினாலும் அதையேதான் சொல்லுது.”

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மறுகணம்தான் என் மகளின் முகம் கண்ணில் பட்டது. மெஷின் சரி என்றால் செவ்வாய் எட்டில்தான் இருக்கிறது. அவள் கல்யாணத்தை அவள் வாயாலேயே வரி வரியாக வாசிக்கவைத்து முறித்திருக்கிறேன்.

நாகம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

ஏழு மணிச் சங்கு

“தண்ணி கலக்கிட்டேன், குடிச்சிட்டுப் போங்கக்கா,” என்று பாக்கியம் தட்டோடு வந்து குறுக்கே நின்றாள். அவள் தேநீர் கலந்து நான் அவ்வளவு சீக்கிரம் பார்த்ததில்லை.

நாகம்மாள் மரியாதைக்கு உட்கார்ந்தார். நான் என் பழைய மேலதிகாரி சொன்ன வழிக்குப் போனேன். கணக்கு சரி. அப்படியென்றால் அளந்தவரைக் கேட்க வேண்டும்.

“பிறந்த நேரம் ஏழரைதானே? நல்லாத் தெரியுமாம்மா?”

“பெத்தவ நானு. எனக்குத் தெரியாதா?” கோப்பை தட்டில் மோதிச் சத்தம் எழுந்தது.

“தோட்டத்து ஆஸ்பத்திரியா?” என்று பாக்கியம் பேச்சை மென்மையாக்கினாள்.

“ஆஸ்பத்திரிக்கு எங்கக்கா போறது? லயத்து வீட்டுலயே. ஆம்பளைங்கல்லாம் காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் குடுக்கப் போயிட்டாங்க. ஆயாக் கிழவி மட்டும்தான். ஃபேக்டரில ஏழு மணிச் சங்கு ஊதுது, ஊதி முடிக்கறதுக்குள்ள இவன் விழுந்துட்டான். சங்குச் சத்தத்துல இவன் அழுததே எனக்குக் கேக்கல.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். “ஏழு மணிச் சங்கா?”

“ஆமா.”

“நீங்க என்கிட்ட ஏழரைன்னு சொன்னீங்க.”

நாகம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “என்னண்ணே, இவ்வளவு படிச்சிருக்கீங்க. அப்ப அது ஏழு. கவுர்மெண்ட்டு மணியை மாத்தினாங்கல்ல, அரை மணி முன்னால? அதுக்கப்புறம் அது ஏழரை. வீட்டுல இருந்த கடியாரத்தையெல்லாம் மாத்தினேன். அப்பவே மூணு பிள்ளைங்க பொறந்த நேரத்தையும் மாத்திட்டேன். இவங்க அப்பா செத்த நேரத்தையும் சேத்துத்தான்.”

நான் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு புத்தாண்டு பிறந்தபோது, தீபகற்பத்தின் கடிகாரங்கள் எல்லாம் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. கடலுக்கு அப்பாலுள்ள நம் மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய கணக்கிலும், பின் பிறந்தவர்களுக்குப் புதிய கணக்கிலும் ஜாதகம் போட வேண்டும். இதை அறியாமல் கணிப்பவர்கள் இங்கே உண்டு. என் புரோகிராமுக்கு அது தெரியும். தேதியைப் பார்த்ததும் தானாகப் பழைய நேரத்துக்குப் போய்விடும். அதில் எனக்குப் பெருமை.

நாகம்மாளும் நேரத்தைத் திருத்தினார். என் மெஷினும் திருத்தியது. ஒரே அரை மணிக்கு இரண்டு வைத்தியம். அவர் கவனமில்லாதவராக இருந்திருந்தாலும் சரியாக வந்திருக்கும், நான் கவனமில்லாதவனாக இருந்திருந்தாலும் சரியாக வந்திருக்கும். இரண்டு பேரும் கவனமானவர்கள். அதனால் சேகரின் லக்னம் அடுத்த ராசிக்குப் போனது, ஒன்பதில் இருந்த செவ்வாய் எட்டுக்கு இறங்கியது.

இதை நான் மெதுவாக விளக்கினேன். மாணிக்கத்துக்குத்தான் முதலில் விளங்கியது. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அக்கா! மணியை மாத்தினது கவுர்மெண்ட்டு. செவ்வாயை மாத்தினது நீ!”

“சும்மா இருடா.” நாகம்மாளின் முகத்தில் வேறொரு யோசனை ஓடியது. “அண்ணே, அப்ப மூத்தவளுக்கும் இப்படி மாத்தின நேரத்தை வச்சுத்தான் பாத்தேன். பத்துக்குப் பத்துன்னாங்களே. அது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் முந்திக்கொண்டார். “அதைக் கிளறாதேக்கா. மூணு பிள்ளை ஆயிருச்சு. மாப்பிள்ளை நல்லாத்தான் வச்சிருக்காரு.”

“நல்லாத்தான் வச்சிருக்காரு,” என்று நாகம்மாள் ஒப்புக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சரியான நேரத்தைப் போடுங்க. ஏழு.”

“முப்பத்து மூணுலயே போடுறேன்.”

“வேணாண்ணே,” என்றார் மாணிக்கம். “நாப்பதுல வைங்க. வேகத்தையும் பாத்துருவோம்.”

ஜம்பரை மாற்றினேன். ஏழு மணி என்று அடித்தேன். இந்தத் தடவை அச்சுக்கு விட்டேன். தாள் கரகரவென்று வெளியே வந்தது. மாணிக்கம் அதைக் கிழித்தெடுத்து, கண்ணாடி மாட்டி, பண்டாரத்தின் கறையான் தின்ற பக்கத்துக்கு அருகில் வைத்தார். கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்துப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. விடை தெரிந்த கணக்குக்கு நான் வியர்த்தது அந்த ஒரு முறைதான்.

“ஒன்பது,” என்றார். “செவ்வாய் ஒன்பதுல.”

பாக்கியம் சாமிப்படம் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். கஸ்தூரி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மெஷினின் மூடியைப் பூட்ட ஆரம்பித்தாள். மூன்றாவது திருகாணி சரியாக உட்காரவில்லை.

நாகம்மாள் கைப்பைக்குள் கைவிட்டு வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். நூலைப் பிரித்தார். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். கிள்ளான் பாசாரில் காலையில் வாங்கியது, ஈரம் காயவில்லை. கூடம் முழுக்க வாசனை பரவியது.

மாணிக்கம் வாயைப் பிளந்தார். “சண்டைக்கு வரப்பவே பூ வாங்கிட்டா வந்தே?”

“பூவை வாங்கிட்டுத்தான்டா சண்டைக்கே வந்தேன்,” என்றார் நாகம்மாள். “அந்தக் கம்பியைக் கீழ வச்சிட்டுத் தலையைக் குனிம்மா.”

கஸ்தூரி குனிந்தாள். ஆனால் கம்பியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். பாக்கியம்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டாள்.